அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வளாகப் போலீஸ்: மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முதுநிலைப் படிப்புக்காக அமெரிக்கா போகும் நம் பிள்ளைகள் விசா, விமான டிக்கெட், குக்கர், சாம்பார்ப் பொடி என்று எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். போய் இறங்கிய முதல் வாரத்தில், பல்கலைக்கழகத்தின் பெயரோடு "போலீஸ்" என்றும் எழுதிய கார் நூலகத்துக்கு முன்னால் மெதுவாகப் போவதைப் பார்த்ததும், "இங்கே ஏதாவது கலவரமா?" என்று கேட்கிறார்கள். நானும் அப்படிக் கேட்டவன்தான். ஆறு ஆண்டுகள் அங்கே படித்தேன். புதிதாக வருகிறவர்களுக்கு அறிமுகக் கூட்டம் நடத்தும் மாணவர் சங்கத்திலும் இருந்தேன். ஆண்டுதோறும் வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

இவர்கள் செக்யூரிட்டியா, உண்மையான போலீசா?

பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் அநேகமாக உண்மையான போலீஸ்தான். மாநிலச் சட்டப்படி உறுதிமொழி எடுத்து, போலீஸ் அகாடமியில் பயிற்சி முடித்து வந்தவர்கள். கைது செய்யலாம், வண்டியை நிறுத்தி அபராதச் சீட்டு எழுதலாம், நீதிபதியிடம் வாரன்ட் வாங்கி வந்து சோதனை போடலாம். இடுப்பில் இருப்பது நிஜத் துப்பாக்கி.

அமெரிக்க நீதித்துறையின் புள்ளியியல் பிரிவு 2011-12 கல்வியாண்டில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. 2,500 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் நான்காண்டுக் கல்வி நிறுவனங்களில் 75 சதவீதம் துப்பாக்கி ஏந்திய காவலர்களை வைத்திருந்தன. அரசு நிறுவனங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 92 சதவீதத்தில் முழுப் போலீஸ் அதிகாரம் உள்ளவர்கள் இருந்தார்கள். தனியார் நிறுவனங்களில் அது 38 சதவீதம்தான்.

நம் ஊர்க் கல்லூரி வாசலில் அடையாள அட்டை கேட்கும் வாட்ச்மேன் அண்ணனை மனதில் வைத்துக்கொண்டு இவர்களிடம் பேசக் கூடாது. நான் முதலில் சொல்வது எப்போதும் இதைத்தான்.

பல்கலைக்கழகத்துக்கு எதற்குத் தனி போலீஸ்? எப்படித் தொடங்கியது?

1894-இல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. யேல் இருக்கும் நியூ ஹேவன் நகரத்தின் ஊர்மக்களுக்கும் மாணவர்களுக்கும் அப்போது ஆகவே ஆகாது. மருத்துவ மாணவர்கள் அறுத்துப் படிப்பதற்காகக் கல்லறையைத் தோண்டிப் பிணங்களை எடுக்கிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்ப, கைகலப்பு வரை போனது. அந்தச் சூழலில் நகரப் போலீசிலிருந்து இரண்டு பேரை வளாகத்துக்கென்றே நியமித்தார்கள். மாணவர்களோடு பழகி, பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு நெருங்கிய காவலர்கள் இருந்தால் சண்டை குறையும் என்பது கணக்கு. அது பலித்தது.

மற்ற இடங்களில் பல காலம் வெறும் இரவுக் காவல்தான் இருந்தது. கதவு பூட்டியிருக்கிறதா, எங்கேயாவது தீப்பிடித்திருக்கிறதா என்று பார்த்து வருவார்கள். 1960-களில் இந்த நிலை மாறியது. 1966 ஆகஸ்ட் 1 அன்று டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் கோபுரத்தில் ஏறிய ஒருவன், கீழே நடந்து போனவர்களை ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகச் சுட்டுக்கொண்டிருந்தான். வளாகக் காவலாளிகளிடம் துப்பாக்கி இல்லை. மேலே ஏறிப் போய் அவனை வீழ்த்தியவர்கள் ஆஸ்டின் நகரப் போலீசார். அடுத்த ஆண்டே பல்கலைக்கழகங்கள் சொந்தமாகப் போலீஸ் வைத்துக்கொள்ள டெக்சஸ் மாநிலம் சட்டம் செய்தது.

அப்புறம் 1970. மே 4 அன்று ஒஹாயோ மாநிலத்தின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், வியட்நாம் போர் எதிர்ப்பு மாணவர்கள் மீது தேசியக் காவல்படை 13 விநாடிகளில் 67 முறை சுட்டது. நான்கு மாணவர்கள் இறந்தார்கள், ஒன்பது பேர் காயமடைந்தார்கள். பதினோரு நாள் கழித்து மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் ஸ்டேட் கல்லூரியில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் இறந்தார்கள். மாணவர்களைத் தெரியாத ஒரு படையை வெளியிலிருந்து வளாகத்துக்குள் வரவிட்டால் என்ன நடக்கும் என்பதைப் பல்கலைக்கழகங்கள் அந்த மாதத்தில் கண்ணால் பார்த்தன. வளாகத்தை அறிந்த, பயிற்சி பெற்ற சொந்தப் போலீஸ் வேண்டும் என்ற எண்ணம் அதன் பிறகு வலுத்தது.

எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் உண்டா?

இல்லை. ஐடஹோ பல்கலைக்கழகத்துக்குச் சொந்தப் போலீஸ் கிடையாது, மாஸ்கோ என்ற அந்த ஊரின் போலீசே வளாகத்தையும் பார்த்துக்கொள்கிறது. நியூயார்க்கின் கொலம்பியாவில் பாதுகாப்புத் துறை உண்டு, ஆனால் 2024 வரை அதற்குக் கைது செய்யும் அதிகாரம் இல்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போலீஸ் வைத்துக்கொள்ள மேரிலாந்து சட்டம் 2019-இல்தான் அனுமதித்தது. மாணவர்களும் அக்கம்பக்கத்தாரும் பல ஆண்டுகள் அதை எதிர்த்தார்கள்.

சேரப் போகும் இடத்தில் எது இருக்கிறது என்பதைப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். துறையின் பெயரில் "போலீஸ்" என்று இருக்கிறதா, "பொதுப் பாதுகாப்பு" என்று மட்டும் இருக்கிறதா என்று கவனியுங்கள். இரண்டாவது பெயரை வைத்துக்கொண்டும் முழு அதிகாரம் உள்ள துறைகள் சில உண்டு என்பதால், "கைது அதிகாரம் உண்டா?" என்று நேராகக் கேட்டுவிடுவது நல்லது.

அவர்கள் அதிகாரம் வளாக வாசலோடு முடிந்துவிடுமா?

மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் போலீசுக்கு வளாகமும் அதைச் சுற்றி ஒரு மைலும் பொறுப்பு. சிகாகோ பல்கலைக்கழகம் தனியார்தான், ஆனாலும் அதன் போலீஸ் சுற்றியுள்ள குடியிருப்புகளில் பெரும் பகுதியை ரோந்து சுற்றுகிறது. அங்கே வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் பல்கலைக்கழகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள்.

இதில் ஒரு கனமான கேள்வி இருக்கிறது. 2015 ஜூலையில் சின்சினாட்டி பல்கலைக்கழகப் போலீஸ்காரர் ஒருவர், வளாகத்துக்கு வெளியே, முன்புற நம்பர் பிளேட் இல்லை என்று ஒரு காரை நிறுத்தினார். ஓட்டி வந்த சாமுவேல் டுபோஸ் என்ற கறுப்பினத்தவரை அங்கேயே சுட்டுக் கொன்றார். சட்டையில் மாட்டியிருந்த கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. கொலை வழக்கு இரண்டு முறை விசாரிக்கப்பட்டும் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. பல்கலைக்கழகம் அந்தக் குடும்பத்துக்கு 48.5 லட்சம் டாலர் கொடுத்தது, அவருடைய பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பும் தந்தது. மாணவர்களைக் காப்பதற்காக வைத்த போலீஸ், அந்தத் தெருவில் குடியிருக்கும் மற்றவர்களுக்கு யாராக இருக்கிறது? வளாகத்துக்குள் நிம்மதியாக நடக்கும் நாமும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

தினமும் என்ன வேலை பார்க்கிறார்கள்?

பெரும்பாலும் சின்னச் சின்ன வேலைகள். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டவர், நூலகத்தில் மடிக்கணினியைப் பறிகொடுத்தவர், காணாமல் போன சைக்கிள், விருந்தில் அளவுக்கு மீறிக் குடித்து மயங்கிக் கிடக்கும் பத்தொன்பது வயதுப் பையன். சனிக்கிழமை கால்பந்துப் போட்டி என்றால் மொத்தத் துறையும் மைதானத்தில்தான் நிற்கும். தீ அலாரம் அடித்தாலும் வருவார்கள். நம் பிள்ளைகள் விடுதியில் ஜன்னலைத் திறக்காமல் மிளகாய் தாளித்து மொத்தக் கட்டடத்தையும் பனியில் நிறுத்தியதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன். தயவு செய்து அடுப்புக்கு மேலே உள்ள விசிறியைப் போடுங்கள்.

தலைமையில் "சீஃப்" இருப்பார். அவர் பல்கலைக்கழகத்தின் துணைத் தலைவர் ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அவருக்குக் கீழே ரோந்துப் பிரிவு, துப்பறியும் பிரிவு, 24 மணி நேரமும் இயங்கும் கட்டுப்பாட்டு அறை. பல இடங்களில் மாணவர்களையே சம்பளத்துக்கு வைத்து, இரவில் தனியாகப் போகிறவர்களுக்குத் துணைக்கு அனுப்புகிறார்கள். இரவு ஒரு மணிக்கு ஆய்வகத்தை விட்டுக் கிளம்பும்போது இந்தச் சேவையைக் கூப்பிடுவதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். நான் முதல் குளிர்காலம் முழுவதும் கூப்பிட்டேன், யாரும் முகம் சுளிக்கவில்லை.

அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தால் யார் வருவார்கள்?

இடத்தைப் பொறுத்தது. கைபேசியிலிருந்து 911 அழைத்தால் நகர அல்லது மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய், அங்கிருந்து வளாகப் போலீசுக்கு மாற்றக்கூடும். அதனால் "எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி" என்பதை முதலில் சொல்லுங்கள், விவரத்தைப் பிறகு சொல்லலாம். வளாகத்தில் நீல விளக்கோடு கம்பங்கள் நிற்கும். அதிலுள்ள பொத்தானை அழுத்தினால் நேராக வளாகக் கட்டுப்பாட்டு அறைதான், எங்கே நிற்கிறீர்கள் என்பதும் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

"கிளெரி அறிக்கை" என்கிறார்களே, அது என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஜீன் கிளெரிக்கு 19 வயது. பென்சில்வேனியாவில் லீஹை பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவி. 1986 ஏப்ரல் 5 அதிகாலையில், விடுதி அறையில் தூங்கிக்கொண்டிருந்தவரை அதே பல்கலைக்கழகத்தின் மாணவன் ஒருவன் பாலியல் வன்கொடுமை செய்து கொன்றான். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுகள் அந்த விடுதியில் இருந்தன. நண்பர்கள் வந்துபோக வசதியாக யாரோ பீட்சாப் பெட்டியை இடையில் சொருகித் திறந்து வைத்திருந்தார்கள். அவன் அந்த வழியாகத்தான் வந்தான். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் அந்த வளாகத்தில் 38 வன்குற்றங்கள் நடந்திருந்தன என்பது மகள் இறந்த பிறகுதான் பெற்றோருக்குத் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று சட்டமும் இல்லை.

ஹோவர்ட் கிளெரி, கோனி கிளெரி என்ற அந்தத் தகப்பனும் தாயும் ஓயவில்லை. 1988-இல் மாநிலச் சட்டம், 1990-இல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. 1998-இல் அந்தச் சட்டத்துக்கு அவர்கள் மகளின் பெயரே வைக்கப்பட்டது.

மத்திய அரசின் மாணவர் நிதியுதவி பெறும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும், மூன்று ஆண்டுகளின் குற்றக் கணக்கை ஆண்டுதோறும் அக்டோபர் 1-க்குள் வெளியிட வேண்டும். அதுதான் கிளெரி அறிக்கை. போலீசோ பாதுகாப்புத் துறையோ இருந்தால் தினசரிக் குற்றப் பதிவேடும் வைக்க வேண்டும். அதில் புகாரை இரண்டு வேலை நாட்களுக்குள் ஏற்றியாக வேண்டும், யார் கேட்டாலும் காட்டியாக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் அபராதம். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு 2019-இல் 45 லட்சம் டாலர், லிபர்ட்டி பல்கலைக்கழகத்துக்கு 2024-இல் 1.4 கோடி டாலர்.

அந்த அறிக்கையை எப்படிப் படிப்பது? எண் குறைவாக இருந்தால் பாதுகாப்பான இடமா?

அப்படி அவசரப்பட வேண்டாம். முதல் விஷயம், கணக்கு வளாகத்துக்கும், அதை ஒட்டிய பொது இடங்களுக்கும், பல்கலைக்கழகத்தின் கையில் உள்ள கட்டடங்களுக்கும் மட்டும்தான். நம் மாணவர்களில் பெரும்பாலோர் வாடகை குறைவு என்று நான்கு பேராகச் சேர்ந்து வெளியே அபார்ட்மென்ட் எடுக்கிறார்கள். அங்கே நடக்கும் கொள்ளை இதில் வராது. அதற்கு நகரப் போலீசின் குற்ற வரைபடத்தைப் பார்க்க வேண்டும்.

சாதாரணத் திருட்டும் இதில் இல்லை. பூட்டிய அறைக்குள் புகுந்து எடுத்தால் கணக்கில் வரும், நூலக மேசையில் வைத்த மடிக்கணினியையோ வெளியே நிறுத்திய சைக்கிளையோ எடுத்தால் வராது. நம் பிள்ளைகள் அதிகம் இழப்பது இந்த இரண்டையும்தான்.

பாலியல் குற்றங்களின் எண் பூஜ்யம் என்று போட்டிருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். பல்லாயிரம் பேர் வாழும் இடத்தில் மூன்று ஆண்டுகளாக ஒன்றுகூட இல்லை என்றால், சொல்லத் துணிந்தவர் இல்லை என்றே பொருள்கொள்வேன். எண் ஏறும்போது சில சமயம் நம்பிக்கை ஏறியிருக்கிறது.

ஆபத்து வந்தால் செய்தி அனுப்புவார்களா?

அனுப்பியாக வேண்டும். இந்தக் கடமை இவ்வளவு கறாராக ஆனதற்குப் பின்னால் நம் ஊர்க்காரர் ஒருவரின் மரணமும் இருக்கிறது.

2007 ஏப்ரல் 16, வர்ஜீனியா டெக். காலை 7:15 மணியளவில் ஒரு விடுதியில் இரண்டு மாணவர்கள் சுடப்பட்டார்கள். இது தனிப்பட்ட தகராறு, சுட்டவன் வளாகத்தை விட்டுப் போயிருப்பான் என்று போலீஸ் கணித்தது. வளாகம் முழுவதற்கும் மின்னஞ்சல் போனது 9:26-க்கு. அதற்குள் முதல் வகுப்புகள் வழக்கம்போலத் தொடங்கிவிட்டன. சற்று நேரத்தில் அதே ஆள் நாரிஸ் ஹால் கட்டடத்தின் கதவுகளைச் சங்கிலியால் பிணைத்துவிட்டு வகுப்பு வகுப்பாகச் சுட்டான். அன்று மொத்தம் 32 பேர் கொல்லப்பட்டார்கள். நீரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த பேராசிரியர் ஜி.வி. லோகநாதன் அவர்களில் ஒருவர். கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் பிறந்து, கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, கால் நூற்றாண்டாக அங்கே கற்பித்து வந்தவர். மாணவர்கள் மிகவும் நேசித்த ஆசிரியர்.

இடைப்பட்ட அந்த இரண்டு மணி நேரத்தில் செய்தி போயிருந்தால்? மாநில ஆளுநர் அமைத்த ஆய்வுக் குழுவும் எச்சரிக்கை முன்பே போயிருக்க வேண்டும் என்றுதான் சொன்னது. 2008-இல் கிளெரி சட்டம் திருத்தப்பட்டது. உயிருக்கு உடனடி ஆபத்து உறுதியானால் தாமதமில்லாமல் அறிவிக்க வேண்டும், அறிவிக்கும் முறையை ஆண்டுதோறும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

அதனால்தான் சொல்கிறேன், சேர்ந்த அன்றே உங்கள் அமெரிக்கக் கைபேசி எண்ணை எச்சரிக்கைப் பட்டியலில் பதிந்துவிடுங்கள். அதில் இன்னும் இந்திய எண்ணையே வைத்திருந்த நண்பர்களை எனக்குத் தெரியும். சோதனைச் செய்தி அடிக்கடி வருகிறதே என்று அதை அணைத்தும் விடாதீர்கள்.

காரை நிறுத்தச் சொன்னால் என்ன செய்வது?

ஓரமாக நிறுத்துங்கள். இறங்காதீர்கள். நம் ஊரில் வண்டியை விட்டு இறங்கி, பேப்பரை எடுத்துக்கொண்டு போலீஸ்காரரிடம் போவதுதான் மரியாதை. அங்கே அது அவரைப் பயமுறுத்தும் செயல். இரண்டு கைகளையும் ஸ்டீயரிங் மேல் தெரியும்படி வையுங்கள். அவர் கேட்ட பிறகு, "உரிமம் பையில் இருக்கிறது, எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எடுங்கள். "ஆபீசர்" என்று அழைத்தால் போதும். பணம் கொடுத்துச் சமாளிக்கும் எண்ணம் கனவிலும் வேண்டாம், அது தனிக் குற்றம்.

கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் பொய் சொல்லாதீர்கள். காவலில் வைத்து விசாரிப்பதற்கு முன் உங்கள் உரிமைகளை அவர்கள் சொல்ல வேண்டும். "வக்கீல் வேண்டும்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, அதன்பின் பேச்சை நிறுத்திவிடுங்கள். தெளிவுபடுத்துகிறேன் பேர்வழி என்று பேசிக்கொண்டே போவது நம்மவர்கள் அடிக்கடி செய்யும் தவறு.

விடுதி அறைக்குள் நுழையலாமா?

வாரன்ட் வேண்டும், அல்லது உங்கள் சம்மதம் வேண்டும், அல்லது உயிர் போகும் அவசரமாக இருக்க வேண்டும். விடுதி ஒப்பந்தப்படி பல்கலைக்கழக ஊழியர் பராமரிப்புக்காக நுழையலாம். ஆனால் அந்த உரிமையைத் தூக்கிப் போலீசிடம் கொடுக்க முடியாது என்று 1971-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

இன்னொரு பக்கமும் உண்டு. வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஜின் பாட்டிலோடு நடந்து வந்த வயது குறைந்த மாணவரை வளாகப் போலீஸ் நிறுத்தியது. அடையாள அட்டையை எடுக்க அவர் அறைக்குப் போனபோது காவலர் கூடவே போனார். வாசலில் நின்றபடியே உள்ளே கஞ்சா விதைகளைப் பார்த்தார். அவர் உள்ளே போய் எடுத்தது செல்லும் என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கதவைத் திறந்தபின் கண்ணில் படுவதெல்லாம் சாட்சிதான். சம்மதம் இல்லையென்றால், "சோதனைக்கு நான் சம்மதிக்கவில்லை" என்று வாயால் சொல்லுங்கள். கையால் தடுக்காதீர்கள்.

கைதானால் விசா போய்விடுமா?

போகலாம். குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால், குற்றம் நிரூபணமாகும் முன்பே விசா ரத்தாக வாய்ப்புண்டு. மாநிலம் கஞ்சாவை அனுமதித்திருந்தாலும் மத்தியச் சட்டத்தில் அது குற்றம், குடிவரவுத் துறை பார்ப்பது மத்தியச் சட்டத்தைத்தான். 2025 வசந்த காலத்தில் வெளிநாட்டு மாணவர்கள் ஆயிரக்கணக்கானோர் அங்கே தங்கிப் படிப்பதற்கான குடிவரவுப் பதிவுகளை அரசு திடீரென்று ரத்து செய்தது. பழைய, சிறிய போலீஸ் வழக்குகளே பலருக்குக் காரணமாகக் காட்டப்பட்டன. நீதிமன்றங்கள் தலையிட்ட பிறகு பல பதிவுகள் திரும்பக் கிடைத்தன.

எனவே "அபராதம் கட்டிவிட்டு வந்துவிடலாம்" என்று எந்தக் குற்ற வழக்கிலும் ஒப்புக்கொள்வதற்கு முன், குடிவரவுச் சட்டம் தெரிந்த வக்கீலைப் பாருங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படும் அபாயம் உண்டா என்று சொல்வது வக்கீலின் கடமை என 2010-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கக் கோரும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

பாலியல் துன்புறுத்தல் என்றால் போலீசிடம்தான் போக வேண்டுமா?

கட்டாயம் இல்லை. போலீஸ் புகார், பல்கலைக்கழக விசாரணை, இரண்டும் தனித்தனி வழிகள். ஒன்றையோ இரண்டையுமோ தேர்ந்தெடுக்கலாம், எதுவும் வேண்டாம் என்றும் இருக்கலாம். என்ன செய்வதென்றே தெரியாத நிலையில் முதலில் ரகசியம் காக்கும் ஆலோசகரிடம் போங்கள். பேராசிரியரிடமோ விடுதிப் பொறுப்பாளரிடமோ சொன்னால், பெரும்பாலும் அவர்கள் மேலே தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். இது தெரியாமல் நம்பிச் சொல்லிவிட்டு, விஷயம் தன் கையை மீறிப் போனதே என்று அழுத தோழியை எனக்குத் தெரியும். புகார் பற்றிப் பிறகு முடிவெடுத்தாலும், மருத்துவப் பரிசோதனையை உடனே செய்துகொள்வது நல்லது.

போராட்டங்களில் எப்படி நடந்துகொள்கிறார்கள்?

2011 நவம்பர் 18 அன்று கலிபோர்னியாவின் டேவிஸ் வளாகத்தில், கைகோத்துத் தரையில் அமைதியாக உட்கார்ந்திருந்த மாணவர்களின் முகத்தில் வளாகப் போலீஸ் மிளகுத் தெளிப்பான் அடித்தது. அந்தப் படத்தை உலகமே பார்த்தது. பல்கலைக்கழகம் 10 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்தது. கென்ட் ஸ்டேட்டுக்குப் பிறகு எதற்காகச் சொந்தப் போலீசை வளர்த்தார்களோ, அந்த நோக்கமே அன்று தோற்றது என்பது என் எண்ணம்.

கொலம்பியாவில் 2024 ஏப்ரல் 18 அன்று, நிர்வாகம் அழைத்து நகரப் போலீஸ் உள்ளே வந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கைது செய்தது. அடுத்த ஆண்டு, கைது அதிகாரம் உள்ள 36 சிறப்புக் காவலர்களை வைத்துக்கொள்வதாகக் கொலம்பியா அறிவித்தது. விசாவில் இருப்பவர்கள் போராடக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். "கலைந்து போங்கள்" என்ற அறிவிப்பு வந்தபின் அங்கேயே நின்றால் கைதாகலாம், கைதானால் விசாவுக்கு என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

"போலீஸ் பேசுகிறேன், உடனே பணம் கட்டு, இல்லையென்றால் கைது" என்று போன் வந்தால்?

மோசடி. வைத்துவிடுங்கள். எந்தப் போலீசும் போனில் பணம் கேட்காது, கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைப் படிக்கச் சொல்லாது. போனில் வளாகப் போலீசின் எண்ணே தெரிந்தாலும் நம்பாதீர்கள், அதையும் போலியாகக் காட்ட முடியும். துண்டித்துவிட்டு நீங்களே அந்த எண்ணுக்கு அழைத்து விசாரியுங்கள்.

இரண்டு நாளாகப் பிள்ளை போன் எடுக்கவில்லை. ஊரிலிருந்து நாங்கள் என்ன செய்வது?

இந்த வேலையை வளாகப் போலீஸ் நன்றாகவே செய்கிறது. தமிழ்நாட்டிலிருந்து 911 அழுத்தினால் அமெரிக்காவுக்குப் போகாது. வளாகக் கட்டுப்பாட்டு அறைக்கென்று பத்து இலக்க எண் ஒன்று இருக்கும். முன்னால் +1 சேர்த்து அழைத்து, "வெல்ஃபேர் செக்" வேண்டும் என்று சொல்லுங்கள். அந்தச் சொல் எல்லாக் காவலருக்கும் தெரியும். பிள்ளையின் முழுப் பெயர், பிறந்த தேதி, முகவரி, கடைசியாகப் பேசிய நேரம் இவை போதும். காவலர் நேரில் போய்க் கதவைத் தட்டிப் பார்ப்பார். வெளியே அபார்ட்மென்ட் என்றால் நகரப் போலீசுக்குத் தகவல் கொடுப்பார்கள். பிள்ளை நலமாக இருந்தால் அதை உங்களிடம் சொல்வார்கள். மற்ற விவரங்களைப் பிள்ளையின் சம்மதமின்றிச் சொல்லாமல் போகலாம், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஆங்கிலம் சரளமாக வராத அம்மாக்களும் அழைக்கலாம். "தமிழ்" என்று மொழியின் பெயரைச் சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் சேர்க்கும் வசதி பல கட்டுப்பாட்டு அறைகளில் உண்டு. பிள்ளை விமானம் ஏறும் முன் அந்த எண்ணை எழுதி வாங்கி, காலண்டர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அறைத் தோழர்கள் இரண்டு பேரின் எண்ணையும் அதற்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள்.